மாடியில் நின்ற புளிச்சக்கீரை

எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிள் வந்து நின்று ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கண் முதலில் மாடிக்குத்தான் போகும். நான் லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் கூலியாக நுழைந்து, அதே மார்க்கெட்டில் சொந்தமாகக் கமிஷன் கடை போட்டவன். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. ஆனால் ஒரு கூடைப் பிச்சிப்பூவைக் கையில் தூக்கினால் எடையைச் சொல்லிவிடுவேன். தராசு அப்புறம் வந்து நான் சொன்னதை ஒத்துக்கொள்ளும். ஒரு தடவை பூ மூட்டைக்குள் சாரைப் பாம்பு கிடந்தது. மார்க்கெட்டே ஓடியது. நான்தான் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டேன். இன்றைக்கும் அதைச் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட என்னை, தொட்டியில் நின்ற ஒரு செடி நடுநடுங்க வைத்துவிட்டது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அது கஞ்சாச் செடி. வைத்தவன் நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

ஆரம்பம் என் முழங்கால். நாற்பது வருஷம் மூட்டை சுமந்த கால். மாடிப்படி ஏறினால் உள்ளே ஜல்லி அரைபடுகிற மாதிரி இருக்கும். மார்க்கெட் டீக்கடையில் ஒருநாள் காலை நீட்டித் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருவேங்கடம் பக்கத்திலிருந்து பூ வெள்ளாமை செய்து எங்கள் கடைக்குப் போடுகிற சம்சாரி ஒருவர் பக்கத்தில் இருந்தார். நல்ல மனுஷன். வாய்தான் நீளம்.

“அந்த எலையைப் போட்டு எண்ணெய் காய்ச்சித் தேச்சா முட்டிவலி பறந்துருமாம் அண்ணாச்சி. எங்க ஊர்ல ஒரு பெரிசு சொல்லுதாரு.”

“எந்த எலை?”

அவர் இரண்டு விரலை உதட்டில் வைத்துப் புகை இழுக்கிற மாதிரி காட்டினார். “ஆனா நம்ம கரிசல்ல அது வராது வே. மலங்காட்டுச் சரக்கு. சிவகிரிப் பக்கம் மலையடிவாரம்னா வேணா வரும்.”

“மண்ணுல போட்டு என் கையில வராதது எது வே இருக்கு?”

“பூவுக்கு நீரு கெட்டிக்காரருதான். இது பூ இல்ல வே, ஜெயிலு.”

டீக்கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வராது என்று என்னிடம் ஒருத்தர் சொல்லக்கூடாது. அப்படிச் சொன்னதையெல்லாம் வரவைத்துத்தான் நான் ஆளானேன். கனகாம்பரம் மாடியில் வராது என்றார்கள், வந்தது. மரிக்கொழுந்து இந்த வெயிலுக்கு நிற்காது என்றார்கள், நின்றது. என் கடைசி மகளுக்குப் படிப்பு ஏறாது என்று அவளுடைய டீச்சரே சொன்னார். அவள் காலேஜ் முடித்து, டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணி, திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

விதை எப்படிக் கிடைத்தது, யார் கொடுத்தார் என்பதை எழுத மாட்டேன். அந்த ஆளுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

எங்கள் மாடியில் மல்லி, துளசி, மரிக்கொழுந்து என்று வரிசையாகத் தொட்டிகள். அங்கே நின்றால் ஒரு பக்கம் கோயில் கோபுரம் தெரியும். மறுபக்கம் திரும்பினால் போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தின் உச்சி தெரியும். அதுவரைக்கும் அந்த வேப்பமரத்தை நான் கண்டுகொண்டதே இல்லை. விதை போட்ட நாளிலிருந்து தினமும் முதலில் அதைத்தான் பார்த்தேன்.

முதல் தடவை மூன்று முளைத்தன. பிச்சிக்கு ஊற்றுகிற மாதிரி காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். என் ஆசையே அதுகளுக்கு எமன். பத்து நாளில் தண்டு அழுகித் தலை சாய்ந்தன. செத்த நாற்றை வெளியே எறியவும் பயம். ஒன்றை மல்லித் தொட்டியிலும், ஒன்றைத் துளசித் தொட்டியிலும், ஒன்றைச் சாமிப்படத்துக்குப் போட்ட பழைய மாலைக்குள் வைத்துச் சுருட்டி மரிக்கொழுந்துத் தொட்டியிலும் புதைத்தேன். சுண்டுவிரல் அளவுச் செடிக்கு மூன்று இடத்தில் குழி தோண்டியவன் நானாகத்தான் இருப்பேன்.

அப்போதே விட்டிருக்கலாம். விடவில்லை. ஊரில் எல்லாரும் மண்ணில் தோற்றால் மண்ணைத் திட்டுவார்கள். நான் என்னைத் திட்டிக்கொண்டு மறுபடியும் போடுவேன். அப்படித்தான் இத்தனை தூரம் வந்தேன். அந்தக் குணம் இந்த ஒரு விஷயத்தில் என்னைக் குழியில் தள்ளப் பார்த்தது.

இரண்டாவது தடவை முழங்கால் உயரம் வந்தது. ஆடி பிறந்ததும் மேற்கேயிருந்து காற்று வந்தது. எங்கள் ஊர் ஆடிக் காற்று தகரக் கூரையையே பெயர்க்கும். ஒரு காலையில் மாடிக்குப் போனால் தொட்டி சாய்ந்து கிடக்கிறது, தண்டு பாதியில் முறிந்திருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. முறிந்த தலையைக் காணோம்.

கீழே எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு முற்றத்தில் அவர்கள் வெள்ளாடு அதைத் தின்றுகொண்டிருந்தது.

அன்று முழுக்க நான் கடைக்குப் போகவில்லை. ஜன்னல் ஓரமே கதி. ஆடு கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு முன்னங்காலை மடக்கிப் படுத்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து உசுப்புகிறாள், எழுப்புகிறாள், அது அரைக்கண்ணால் பார்த்துவிட்டு மறுபடியும் தலையைச் சாய்க்கிறது.

“ஐயோ, எதையோ தின்னுட்டே! யாரோ எதையோ போட்டுட்டாங்களே! மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகட்டா அண்ணாச்சி?”

மாட்டாஸ்பத்திரியில் சும்மா விடமாட்டார்கள். டாக்டர் பார்த்தால் என்ன தின்றது என்று கேட்பார். என்ன தின்றது என்றால் எங்கிருந்து வந்தது என்பார்.

“ஆசுபத்திரி எதுக்கு தாயி? கோயில் புத்து மண்ணு இருக்குல்லா, அதைக் கரைச்சு நெத்தியில போடு. ஆத்தா பாத்துக்கிடுவா.”

எங்கள் ஊரில் மனுஷனுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் மாட்டுக்கு முடியவில்லை என்றாலும் கோமதியம்மன் கோயில் புற்றுமண்தான் முதல் மருந்து. அவள் ஓடிப்போய்க் கரைத்துப் பூசினாள். சாயங்காலம் ஆடு எழுந்து நின்று ஒரு வாளித் தண்ணீர் குடித்தது. அந்தம்மா கோயில் திசை பார்த்து விழுந்து கும்பிட்டாள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிட்டேன்.

அப்போதாவது விட்டேனா? இல்லை. காற்றுக்கு எட்டாத மூலையில் வைக்க வேண்டும், உயரம் விடக்கூடாது என்று பாடம் படித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை வந்ததைச் சுவர் ஓரம் மரிக்கொழுந்துக்கு நடுவில் வைத்து, மாலை கட்டுகிற வாழைநாரால் குச்சியோடு சேர்த்துக் கட்டினேன். எனக்கும் ஆத்தா துணை வேண்டும் என்று ஒரு சிட்டிகை புற்றுமண்ணையும் தொட்டியில் தூவினேன். அந்தப் பாவத்தை நினைத்தால் இப்போதும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

உயரம் போகாமல் இருக்க மல்லிக்குக் கவாத்து எடுக்கிற மாதிரி தலையை வெட்டிவிட்டேன். பூக்காரன் கை. வெட்ட வேண்டிய கணு அதுவாகக் கண்ணுக்குத் தெரியும். ஆனால் வெட்டினால் மல்லி என்ன செய்யும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒன்று போன இடத்தில் நாலு வரும். குட்டையாகட்டும் என்று வெட்ட வெட்ட அது அகலமாகியது. கார்த்திகை மழை முடிந்தபோது தொட்டியே தெரியாமல் புதராகப் பரந்து, கைப்பிடிச் சுவருக்கு மேல் இலை நீட்டியது. நான் எத்தனையோ செடி பார்த்தவன். அப்படி ஒரு பச்சையைப் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரி ஒருநாள் துணி காயப்போட வந்தவள் அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

“என்னங்க இது? புளிச்சக்கீரையா?”

நான் எதுவும் யோசிக்கவில்லை. “ஆமா. ஒட்டுரகம்.”

“நல்லா நிக்கே! பறிச்சுக் கடைஞ்சிரட்டா?”

“தொடாத! மருந்து அடிச்சிருக்கேன். இப்பம் தின்னா பேதியாகும்.”

அவள் அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை கேட்டாள். கடையில் இருக்கும்போது, இன்றைக்குக் குழம்பில் என்ன என்று போன் போட்டுக் கேட்டு நிச்சயப்படுத்திக்கொள்வேன். கத்தரிக்காய் என்றால்தான் மூச்சு வரும்.

எண்ணெய் காய்ச்சினேனா என்றால், இல்லை. ஒரு இலை கிள்ளவில்லை. கிள்ளி அடுப்பில் வைக்கிற தைரியம் வரவே இல்லை. முழங்கால் வலி இருந்தபடியே இருந்தது. நான் அந்தக் காலோடு தினமும் இருபத்தோரு படி ஏறி, வலிக்கு மருந்தாக வைத்த செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.

இதற்குள் மகள் பாஸ் பண்ணிவிட்டாள். அறையைக் காலி செய்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை. எங்கள் வம்சத்தில் அரசாங்கச் சம்பளம் வாங்கப்போகிற முதல் ஆள். மார்க்கெட் முழுக்க லட்டு கொடுத்தேன். கொடுத்த கையோடு வீட்டுக்கு வந்தால் அவள் சொல்கிறாள், “அப்பா, இன்னும் ஆர்டர் வரல. போலீஸ் வெரிஃபிகேஷன் முடியணும். வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்க. ஏதாவது ஒண்ணு சரியில்லன்னு எழுதிட்டாங்கன்னா போச்சு.”

கையில் மிச்சமிருந்த லட்டை அப்படியே தட்டில் வைத்தேன்.

“எப்பம் வாராங்க?”

“போன் வந்துச்சு. நாளைக்கு வருவாங்களாம்.”

நாளைக்குத்தானே, இன்றைக்கு மத்தியானம் பிடுங்கிவிடலாம் என்று இருந்தேன். ஆனால் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு ஆளாவது அதைப் பார்க்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. வாழ்க்கையில் நான் ஜெயித்ததையெல்லாம் நாலு பேர் பார்க்க ஜெயித்தவன். யாரும் பார்க்காமல் ஜெயித்தது இது ஒன்றுதான். பார்க்க வேண்டிய ஆளும் ஒருவர்தான். கடையில் பூ இறக்கிவிட்டுக் கிளம்பிய அந்தத் திருவேங்கடத்துச் சம்சாரியை, “காபி குடிச்சிட்டுப் போவும் வே” என்று வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

தெருமுனை திரும்பியதுமே அவர் நடை குறைந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று துண்டால் மூக்கைப் பொத்தினார். மேலே வந்து பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“பாத்தீரா? கரிசல்ல வராதுன்னீரே.”

“அடப்பாவி மனுசா! தெரு முக்குலயே வாடை குப்புனு அடிக்கி. என்னடா இது, யாரு வீட்டுலனு யோசிச்சுக்கிட்டே வாரேன். நீராவே?”

“வாடையா? என்ன வாடை?”

“உமக்கு அடிக்கலியா?”

நான் குனிந்து இலைக்குள் முகத்தை வைத்து இழுத்தேன். ஒன்றும் இல்லை. பக்கத்தில் மரிக்கொழுந்தைக் கசக்கி மூக்கில் வைத்தேன். அதிலும் ஒன்றும் இல்லை. நாற்பது வருஷம் விடியவிடிய மல்லி மூட்டைக்கும் பிச்சி மூட்டைக்கும் நடுவில் இருந்த மூக்கு. பூ மணம் தெரியவில்லை என்பது எனக்கு எப்போதோ தெரியும். எங்கள் மார்க்கெட்டில் பழைய ஆள் எல்லாருக்கும் அப்படித்தான், அதை ஒரு குறையாக யாரும் நினைத்ததில்லை. ஆனால் எனக்கு வாடை தெரியவில்லை என்றால் செடிக்கே வாடை இல்லை என்று இத்தனை மாதம் இருந்திருக்கிறேன். பூக்காரனைத் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

“நான் இங்கன வரவே இல்ல. நீரு கூப்பிடவும் இல்ல. அதை இப்பமே பிடுங்கும் வே” என்று சொல்லிவிட்டு அவர் காபி குடிக்காமல் இறங்கினார். செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் தெருவில்தான் போட்டார்.

நான் வேரில் கை வைத்தேன். அப்போது கீழே மோட்டார் சைக்கிள் நின்று ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

“அப்பா! கீழ வாங்க. ஸ்டேஷன்ல இருந்து சார் வந்திருக்காங்க.”

நாளைக்கு என்றவர்கள் இன்றைக்கே வந்துவிட்டார்கள். இருபத்தோரு படியை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முழங்கால் அன்றைக்கு வலிக்கவே இல்லை.

முன்னறையில் ஒரு ஏட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதை ஒட்டி இருக்கும். கையில் பைல். மகள் சுவரோரம் நின்றாள். என் வீட்டுக்காரி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து அவர் மூக்கையே பார்த்தேன். நல்ல எடுப்பான மூக்கு. அது விரிகிறதா சுருங்குகிறதா என்பதைத் தவிர உலகத்தில் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

“பிள்ளை மேல கேசு ஏதும் உண்டா அண்ணாச்சி?”

“இல்ல சார்.”

“வீட்டுல வேற யார் மேலயாவது?”

“இல்ல சார்.”

எழுதினார். எழுதிக்கொண்டே தலையைத் தூக்கினார். மூக்கு ஒரு தடவை சுருங்கியது.

“என்னமோ வாடை அடிக்குதே.”

நான் மேலே விசிறியைப் பார்த்தேன். என் வீட்டுக்காரிதான் பேசினாள்.

“பூக்கடைக்காரங்க வீடுல்லா சார். மாடி பூரா மரிக்கொழுந்துதான்.”

“மரிக்கொழுந்தா? எங்க வீட்டுல அதுன்னா உசிரு. ஒரு கொத்து கெடைக்குமா?”

“கொத்தென்ன சார், வேணுங்கிற மட்டும் கொண்டு போங்க. புளிச்சக்கீரையும் நிக்கி, புதராட்டம். ஒரு கட்டு பறிச்சுத் தாரேன்.”

அவள் கையில் கீரை அரியும் கத்தியை எடுத்துவிட்டாள். நான் எழுந்தேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி கேட்டது.

“கீரை வேண்டாம். நேத்துதான் மருந்து அடிச்சேன்.”

“நேத்து நீங்க எங்க மருந்து அடிச்சிய? தண்ணி மட்டும் ஊத்திட்டு வந்து படுத்துட்டீயல்லா” என்றாள் என் வீட்டுக்காரி. வெகுளி. நாற்பது வருஷத்தில் ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாதவள்.

ஏட்டு என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “நான் வேணா மேல வந்து பறிச்சுக்கிடுதேன். மாடித் தோட்டம்னா எனக்கும் ஆசைதான்” என்று பைலை மூடினார்.

“நீங்க உக்காருங்க சார். படி செங்குத்து. நான் போய்ட்டு வாரேன்” என்று மகள் அம்மா கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு மேலே போனாள்.

அவள் போய்த் திரும்பி வந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மாடியில் அவள் காலடி கேட்டது. நடந்தது, நின்றது. ரொம்ப நேரம் நின்றே இருந்தது. அவள் காலேஜில் வாசலிலேயே போதை ஒழிப்பு போர்டு வைத்து அந்த இலையைப் பெரிதாக வரைந்திருப்பார்கள், நானே பார்த்திருக்கிறேன். ஏட்டு என் வேலையைப் பற்றி ஏதோ கேட்டார், நானும் ஏதோ சொன்னேன். எனக்கு அந்த நேரத்தில் கண்ணில் அவர் காக்கிச் சட்டையின் பித்தான் மட்டும்தான் தெரிந்தது. நாலாவது பித்தானில் நூல் பிரிந்திருந்தது. அது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

மகள் இறங்கி வந்தாள். கையில் இரண்டு கொத்து மரிக்கொழுந்து. முகத்தில் ரத்தமே இல்லை.

“கீரை எங்கட்டி?” என்றாள் அம்மா.

“முத்திப் போச்சும்மா. பூச்சி விழுந்திருக்கு. சமைக்க ஆகாது.”

ஏட்டு மரிக்கொழுந்தை முகர்ந்து பார்த்து, “ஆகா” என்றார். பைலை நீட்டி என்னிடம் ஒரு கையெழுத்துக் கேட்டார். முப்பது வயதில் நானாகக் கற்றுக்கொண்ட கையெழுத்து. கீழே இரண்டு கோடு இழுத்து முடிப்பேன். அன்றைக்கு ஒரு கோட்டோடு பேனா நின்றுவிட்டது. அவர் பார்த்தாரா, பார்த்தும் விட்டாரா, அவர் மூக்குக்கு என்ன தெரிந்தது என்பதெல்லாம் இன்றுவரை எனக்குத் தெரியாது. வண்டியை எடுக்கும்போது மாடியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

சத்தம் தெருமுனை தாண்டியதும் மகள் என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். செடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?”

பொய் ஒன்று வாய் வரைக்கும் வந்தது. “தெரியும்.”

“தெரிஞ்சா வச்சிய?”

“முட்டிக்குன்னு...”

“முட்டிக்கு ஆஸ்பத்திரி இல்லையா?”

“கரிசல்ல வராதுன்னு சொன்னாங்க மக்கா. வந்துட்டு.”

அதைச் சொல்லும்போதுகூட என் குரலில் ஒரு மெதப்பு இருந்திருக்கும் போல. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பா, நான் இப்பம் கீழ ஒரு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். போலீஸ்காரர்கிட்ட. கோர்ட்டு வேலைக்குப் போறதுக்கு முந்தியே.”

நான் குனிந்து இரண்டு கையாலும் செடியைப் பிடித்து இழுத்தேன். லேசில் வரவில்லை. அவ்வளவு வேர் விட்டிருந்தது. அவளும் எழுந்து வந்து பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் பிடுங்கினோம்.

எரித்தால் புகை. வெளியே போட்டால் ஆடு. கண்டதுண்டமாக நறுக்கி, சாணியைக் கரைத்து, பழைய டிரம்முக்குள் போட்டு மூடி மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன். அது அழுகி மண்ணாகிற வரைக்கும் தினமும் மகளை டிரம் பக்கத்தில் நிறுத்தி, “வாடை அடிக்கா மக்கா?” என்று கேட்பேன். “சாணி வாடைதான் அடிக்கி” என்பாள். நம்ப மாட்டேன். மறுபடியும் இழுத்துப் பார்க்கச் சொல்வேன். என் மூக்கை நம்பி இத்தனை நாள் பட்டது போதாதா?

அடுத்த வாரம் மார்க்கெட்டில் அந்தச் சம்சாரி வந்தார். டீக்கடை நிறைய ஆள். எனக்கு அவர் வாயைப் பார்த்துத்தான் பயம். அவர் கண்ணாடி டம்ளரை உருட்டிக்கொண்டே கேட்டார்.

“என்ன அண்ணாச்சி, மாடியில கீரையெல்லாம் எப்படி இருக்கு?”

“பூச்சி விழுந்துட்டு. பிடுங்கிட்டேன்.”

“நல்லதாப் போச்சு.” ஒரு மிடறு குடித்தார். “அப்பம் அன்னைக்கு நான் சொன்னது சரிதானே வே? நம்ம கரிசல்ல அது வராது. நீருதான் வரும்னு மல்லுக்கு நின்னீரு.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வந்தது என்று சொல்ல நாக்கு துடித்தது. கைப்பிடிச் சுவருக்கு மேல் நின்றதே, நீரே கண்ணால் பார்த்தீரே என்று சொல்ல ஒரு நொடி போதும். மகள் கத்தியை வாங்கிக்கொண்டு படி ஏறியது நினைவுக்கு வந்தது.

“சரிதான் வே,” என்றேன். “வராது. நான் சொன்னதுதான் தப்பு.”

“அண்ணாச்சி தப்புன்னு சொல்லுதாரு, மழை வரப்போவுது” என்று யாரோ சொல்ல, டீக்கடையே சிரித்தது. அந்தச் சம்சாரி மட்டும் சிரிக்கவில்லை. என் டீயையும் சேர்த்துத் தன் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஒரு மாதம் கழித்து வாசலில் காக்கிச் சட்டைக் கை ஒன்று கேட்டைத் தட்டியது. நான் யார் என்று பார்க்கவில்லை. நேராக மாடிக்கு ஓடி, ஒன்றுமே இல்லாத அந்த வெறும் தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றேன். கீழேயிருந்து மகள் கூப்பிடுகிற வரைக்கும் நின்றேன். தபால்காரர். ஆர்டர் வந்திருந்தது.

அவள் இப்போது கோர்ட்டுக்குப் போய்வருகிறாள். என் வீட்டுக்காரிக்கு இன்னும் விஷயம் தெரியாது. சந்தையில் புளிச்சக்கீரை வாங்கும்போதெல்லாம், “நம்ம வீட்டுல நின்ன மாதிரி வராதுங்க” என்கிறாள். அந்தச் செடியைப் பற்றி என் காதுபட யாரும் சொல்லும் நல்ல வார்த்தை அது ஒன்றுதான். வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்வேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒருநாள் அவள் சாயங்காலம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு ஒரு காகிதம் டைப் அடிச்சேன்பா. அந்தாளுக்கு உங்க வயசுதான் இருக்கும். வீட்டுக்குப் பின்னால ஒரு செடி. ரிமாண்ட் பண்ணிட்டாங்க.”

“ஒரு செடிக்கா?”

“ஒரு செடிக்குத்தான்.”

“அந்தாளு என்ன வேலை பாக்காராம்?”

அவள் கைப்பையைத் திறந்து, வரும் வழியில் வாங்கிய முழங்கால் வலித் தைலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். மூடியைத் திறந்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“வாடை நல்லா இருக்கா மக்கா?” என்று கேட்டேன்.

“கண்ணு எரியுதுப்பா” என்றாள். எனக்கும் எரிந்தது.